தாழைக்கோழி பார்க்க இறங்கிய இடம்

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஞாயிறு லீவு கிடைத்தால் பக்கத்து வீட்டு அக்காவோடு ஊருக்கு வெளியே உள்ள ஏரிக்குப் பறவை பார்க்கப் போவேன். அவரை எங்கள் தெருவே, உருதுவில் அக்கா என்று பொருள்படும் ஆபா என்றுதான் கூப்பிடும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் சரிபார்க்கிற வேலை அவருக்கு. நான் பைனாகுலரில் தேடி முடிப்பதற்குள் வெறுங்கண்ணால் பார்த்துக் கையை நீட்டிவிடுவார்.

அன்று தை மாதக் குளிர். ஆபா கரையில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார். கீழே கோரைக்குள் நீலத் தாழைக்கோழி ஒன்று தண்டைக் காலில் பிடித்துக் கரும்புபோலக் கடித்துக்கொண்டிருந்தது. கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் ரப்பர் செருப்போடு இறங்கிவிட்டேன்.

பைனாகுலரைக் கண்ணில் வைத்ததுமே காலருகில் குக்கர் சீறுவது போல ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். வலது பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி, காய்ந்த கோரையின் மேல் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது.

சாவைவிட எனக்கு வேறொன்றுதான் முதலில் ஞாபகம் வந்தது. விரியன் கடித்து, சிறுநீர் நின்றுபோய் எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு நானே ஊசி குத்தியிருக்கிறேன். வயலில் கடிபட்ட ஒரு பெண், "ஒண்ணுக்கு எப்போ வரும் சிஸ்டர்?" என்று தினமும் கேட்பார். அந்தக் குரல் அப்படியே காதில் கேட்டது.

அந்த நேரம் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. டீ ஆறுகிறதென்று ஆபாதான் கூப்பிட்டிருக்கிறார். பாம்பு தலையைத் தூக்கியது. அதிர்வு நிற்கும்வரை நான் மூச்சு விடவில்லை. போனை எடுக்காததால் ஆபா கரையிறங்கி வரும் காலடி கேட்டது. கத்தவும் பயம். இடது கையை மட்டும் மெல்லப் பின்னால் விரித்துக் காட்டினேன். காலடி நின்றது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பாதம் அசைந்துவிடக் கூடாதே என்று கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறிய பிறகு பாம்பு சுருள் பிரிந்து, அவசரமே இல்லாமல் கோரைக்குள் போனது. அதன் வால் மறைந்த பிறகுதான் என் சுடிதார் நனைந்திருப்பதை உணர்ந்தேன்.

தடுமாறி மேலே ஏறி ஆபாவிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கோழி பறந்துடும்னுதான் நீ கை காட்றேன்னு நெனச்சேம்மா. நானும் அதையே பாத்துனு நின்னுட்டேன்."

அப்புறம்தான் என் உடையைக் கவனித்தார். போர்த்தியிருந்த சால்வையை எடுத்து என் இடுப்பில் சுற்றிக் கட்டினார். ஷேர் ஆட்டோவில் வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

அடுத்த ஞாயிறு ஆபா கதவைத் தட்டியபோது காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்கும். மூன்றாவது வாரம் போனேன். கரையைவிட்டு ஓரடிகூட இறங்கவில்லை. செடி அசைந்தாலும் பைனாகுலரை விட்டுத் தரையைப் பார்த்தேன். அன்று என்ன பறவை வந்ததென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.