அகுலினாவின் கந்தல் படம்

அகுலினாவுக்கு இருந்த ஒரே பெருமை, பீட்டர்ஸ்பர்க் ஆலையில் வேலை பார்க்கும் மகன் நிகந்தர். அவன் ஊர்ப்பக்கம் வந்து பதினொரு வருடம் ஆகிறது. அவள் சொல்லச் சொல்ல அவனுக்குக் கடிதம் எழுதித் தருபவர் மாதாகோயில் உதவிகுரு ஸாவ்வா.

"பசு நல்லா கறக்குது, நானும் நல்லா சாப்பிடுறேன்னு போடுங்க சாமி."

பசு செத்து ஆறு வருடம். மழை பொய்த்ததிலிருந்து அவள் தின்பது களைவிதை இடித்துச் சுட்ட ரொட்டி.

"உன் பொய்க்கெல்லாம் நரகத்துல என்னைத்தான் வறுப்பாங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதுவார்.

அந்தக் குளிர்காலத்தில் ஓவியர் ஒருவர் வந்தார். படத்துக்கு உட்கார்ந்தால் ஒரு மூட்டை மாவு என்றார். செத்தால் உடுத்திவிடச் சொல்லி முடிந்து வைத்திருந்த புதுப் பாவாடையும் வெள்ளைத் தலைத்துணியுமாக அகுலினா போய் நின்றாள்.

"இது எதுக்கு? நேத்து போட்டிருந்த கந்தல்தான் வேணும்."

"படத்தை எங்க வைப்பீங்க எசமான்?"

"பீட்டர்ஸ்பர்க்லதான்."

"ஐயோ, அங்கதானே என் பிள்ளை இருக்கான்! பார்த்தா அவன் நெஞ்சு வெடிச்சுடுமே. இதையே கட்டிக்கிறேன். கன்னத்துல கொஞ்சம் சதையும் வச்சு விடுங்க."

"இருக்கிறதைத்தான் வரைவேன், பாட்டி."

இருக்கிறதாம்! வயிறு நிறைந்தவருக்கு உண்மை மேல் எவ்வளவு ஆசை பாருங்கள். அவளுக்கோ மாவு வேண்டியிருந்தது. கந்தலில் ஒன்பது நாள் உட்கார்ந்தாள். குழிந்த கன்னம், பல்லில்லாத வாய், எலும்பு துருத்திய கை என்று எண்ணெய்ச் சாயம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"என் மானத்தை வாங்கிட்டீங்களே," என்று அழுதபடியே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் மகனின் கடிதம் வந்தது. தெரிந்துபோயிருக்கும், வேலையை விட்டுவிட்டு ஓடி வருவான் என்று பயந்தபடியே அகுலினா அதை ஸாவ்வாவிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஸாவ்வா படித்தார்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை கூட்டாளிகளோட ஓவியக் கண்காட்சி பார்க்கப் போனேன். பட்டினி கிடக்கிற ஒரு கிழவி படம். பார்க்கச் சகிக்கல. பெத்த பிள்ளை இருந்தா இப்படி விடுவானான்னு எல்லாரும் திட்டினோம். கடவுள் புண்ணியத்துல நீ நல்லா இருக்க."

ஸாவ்வா நிறுத்திவிட்டார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"அவனுக்கு என்னை அடையாளம் தெரியலையா சாமி?"

"தெரியல, அகுலினா."

"தப்பிச்சேன்," என்று சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாவி மனுஷி, வெகுநேரம் அழுதாள்.

"பதில் எழுதுங்க சாமி. பசு கன்னு போட்டிருக்குன்னு எழுதுங்க."

இந்த முறை ஸாவ்வா முணுமுணுக்கவில்லை.