இரண்டாம் கரண்டி

கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் எல்லாரும் அவளைக் கரண்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே புட்டிகளைத் தரம் பிரிப்பது பெண்கள் வேலை. வெள்ளை விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடும் பட்டையில் வருகிற ஒவ்வொரு புட்டியையும் உற்றுப் பார்த்து, குமிழி இருந்தாலோ கீறல் இருந்தாலோ எடுத்துப் பின்னால் இருக்கிற தொட்டியில் எறிய வேண்டும். எல்லார் விரல் நுனியிலும் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். தகரக் கூரை போட்ட கேன்டீனில் அவர்களுக்குக் காலைச் சாப்பாடு போடுகிறவள் கரண்டியக்கா.

வேலைக்கு வருகிறவர்களில் மூன்று பக்கத்து ஆட்கள் இருந்தார்கள். பேச்சும் ஒன்றுதான், உடுப்பும் ஒன்றுதான். காலையில் வாயைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் பேசுவதற்கு அல்ல.

துறைமுகத்துக்காரர்களுக்கு ரொட்டியும் மீன் சாறும். ரொட்டியைத் தட்டில் வைக்கக் கூடாது, கையில் போட வேண்டும். நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். ஆற்றுக்கரைக்காரர்களுக்குத் தண்ணீராகக் கஞ்சி, பாலும் சர்க்கரையும் போட்டு, ஆளுக்கு ஒரு கிண்ணம். ஊற்றுகிறவள் "போதுமா, போதுமா" என்று மூன்று தரம் கேட்க வேண்டும். அவர்கள் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் தரம் கிண்ணத்தை நீட்டுவார்கள். மலைக்காரர்களுக்குக் கரண்டி நட்டால் நிற்கிற மாதிரி கெட்டிக் கஞ்சி, உப்பும் வெண்ணெயும் போட்டு, இரண்டு மூன்று பேருக்கு ஒரே கிண்ணம். மூத்தவள் தன் பக்கத்து ஓரத்தில் முதல் வாய் எடுத்த பிறகுதான் சின்னவள் கை வைப்பாள். அவர்களிடம் போதுமா என்று கேட்டுவிடக் கூடாது. அந்தப் பக்கத்தில் அதற்கு "எழுந்து போ" என்று அர்த்தம்.

கரண்டியக்கா மூன்று பானை வைத்து மூன்று பக்கத்துக்கும் அவரவர் முறைப்படி பரிமாறினாள். "நீங்க எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டால், "ஆத்துக்கரைதான், வேறென்ன" என்பாள். மற்றதெல்லாம் பழகிக்கொண்டதாம்.

அது பொய். அவள் பிறந்தது மலையில். கல்யாணமாகி ஆற்றுக்கரைக்கு வந்தவள். வந்த மறுநாள் காலையில் ஆசையாகக் கஞ்சி கிண்டி, மாமனாருக்கும் புருஷனுக்கும் நடுவில் ஒரே கிண்ணமாகக் கொண்டுபோய் வைத்தாள். மாமியார் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது? இது மனுஷனுக்கா, மாட்டுக்கா? சுவத்துக்குப் பூசலாம் போலிருக்கே!"

புருஷன் சிரித்தான். அவள் தலை குனிந்து நின்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாளிலிருந்து மாமியார் அவளுக்கு மட்டும் கஞ்சியைத் தனியாகக் காய்ச்சி, நாய்க்கு ஊற்றுகிற அலுமினியச் சட்டியில் போட்டுக் கொல்லைப்படியில் வைத்தாள். "உங்க பக்கத்துல பங்கு போட்டுத்தானே தின்பீங்க? உனக்கும் ஒரு துணை வேணாமா?" என்றாள். நாய் வந்து முகர்ந்து பார்க்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவள் அப்பாவுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். "போன இடத்துல பொறுத்துக்கச் சொல்லு" என்று பதில் வந்தது.

பொறுத்துக்கொண்டாள். கற்றும் கொண்டாள். இரண்டு தரம் மறுப்பது, கிண்ணத்து விளிம்பில் வாய் வைத்துச் சத்தமில்லாமல் குடிப்பது, சர்க்கரை குமட்டினாலும் முகம் சுளிக்காமல் இருப்பது எல்லாவற்றிலும் அந்த வீட்டாரையே மிஞ்சினாள். பிறகு புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். மாமியார் அவளைக் கையோடு வெளியே அனுப்பினாள். புட்டித் தொழிற்சாலைக்கு வந்தபோது அவளிடம் மலையின் வாடையே இல்லை.

தொழிற்சாலையில் ஒரு நாள் அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் சரிந்து மலைக்காரி ஒருத்தி செத்துப்போனாள். மற்ற பெண்கள் அழுதுவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தார்கள். மலைப் பெண்கள் மட்டும் வரவில்லை. அத்தனை பேரும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், செத்தவளின் பிள்ளைகளுக்கு ஒரு வழி பிறக்கிற வரைக்கும். மேனேஜர் இறங்கிவர வேண்டியதாயிற்று. ஆனால் அந்தக் காரியம் முடிந்த கையோடு மலைக்காரர்கள் அத்தனை பேரையும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டு, இனிமேல் அந்தப் பக்கத்து ஆள் ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"ஒருத்திக்கு அடிபட்டா ஊரே உக்காருது. ஒரே கிண்ணத்துல தின்னா அப்படித்தான் புத்தி போகும்."

கெட்டிக் கஞ்சிப் பானை கழுவிக் கவிழ்க்கப்பட்டது. ஆனால் மலையில் வேறு பிழைப்பு ஏது? சில மாதங்களில் பெண்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள், ஆற்றுக்கரையில் இருக்கிற சொந்தக்காரர் விலாசத்தைச் சொல்லிக்கொண்டு. தனிக் கிண்ணத்தில் சர்க்கரைக் கஞ்சியை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார்கள். மேனேஜருக்குச் சந்தேகம் வந்தது, பிடிக்கத்தான் வழி தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் கரண்டியக்காவை அறைக்குக் கூப்பிட்டார்.

"யாரு எந்தப் பக்கம்னு, சாப்பிடறதைப் பாத்தே சொல்லிடுவியாமே?"

தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். மேனேஜர் அதட்டக்கூட இல்லை. வெறுமனே கேட்டார்.

"சொல்லலாம் சார். ஆனா இப்ப எல்லாம் வேஷம் கட்டிக்கிட்டு வராங்க. நாளைக்குக் காலையில நான் வேற மாதிரி பரிமாறறேன். நீங்க ஜன்னல் பக்கம் நின்னு பாருங்க. யாருக்கு நான் ரெண்டாவது கரண்டி ஊத்தறேனோ, அவங்க மலை."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்கு என்ன வேணும்?"

"கேன்டீனுக்குப் பின்னாடி சாமான் ரூம் ஒண்ணு சும்மா கிடக்கு. அதைக் குடுங்க." அதுவரை அவள் மற்றப் பெண்களோடு வரிசையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தவள்.

மறுநாள் காலையில் கெட்டிக் கஞ்சி கிண்டினாள். எத்தனையோ வருஷம் ஆகியும் கைக்கு அளவு மறக்கவில்லை. அடிப்பிடிக்காமல், கட்டி தட்டாமல், வெண்ணெய் மேலே மஞ்சளாகப் பூத்து நின்றது. ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தாள். அவளுடைய அம்மா கிண்டியதைவிட நன்றாக இருந்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னிக்குக் கிண்ணம் பத்தலைம்மா. ரெண்டு பேருக்கு ஒண்ணு. பாலும் திரிஞ்சுபோச்சு, கெட்டியாத்தான் இருக்கும். சமாளிச்சுக்கோங்க."

ஆற்றுக்கரைப் பெண்கள் முணுமுணுத்தார்கள். "அடுத்தவ எச்சிலையா?" என்று ஒருத்தி எழுந்து போய் டிபன் டப்பா மூடியை எடுத்து வந்து பாதியைத் தனியாகப் பிரித்துக்கொண்டாள். இன்னொருத்தி தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள்.

ஓரத்து மேஜையில் நெட்டையாக ஒரு பெண்ணும் அவள் சித்தியும் உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை. கிண்ணம் நடுவில் வந்ததும் நெட்டை கையை மடியில் வைத்துக்கொண்டு சித்தி முகத்தைப் பார்த்தாள். சித்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். பயந்தாள். பிறகு நட்டு வைத்த மாதிரி நிற்கிற கரண்டியைப் பார்த்தாள். பசி பயத்தை விழுங்கிவிட்டது. தன் பக்கத்து ஓரத்தில் ஒரு வாய் எடுத்தாள். அதன் பிறகு நெட்டை எடுத்தாள். உப்பு நாக்கில் பட்டதும் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

கரண்டியக்கா ஒவ்வொரு மேஜையாக வந்தாள். சில மேஜைகளில் நின்றாள், சிலவற்றைத் தாண்டிப் போனாள். ஓரத்து மேஜைக்கு வந்து, போதுமா என்று கேட்காமல், இரண்டாவது கரண்டியை ஊற்றினாள்.

"அக்கா, எங்கம்மா கையால சாப்பிட்ட மாதிரியே இருக்குக்கா" என்றாள் நெட்டை. "நீங்க நல்லா இருக்கணும்."

"சாப்பிடு கண்ணு. சூடு ஆறிடும்."

மத்தியானத்துக்குள் இரண்டாவது கரண்டி வாங்கியவர்கள் எல்லாரும் துணி மூட்டையோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. காவல்காரர் கேட்டைச் சாத்துவதற்குள் நெட்டையின் சித்தி எப்படியோ கேன்டீன் வாசல் வரைக்கும் வந்துவிட்டாள்.

"நீயும் மலைதானே?"

"இல்லை. நான் ஆத்துக்கரை."

"அந்தக் கஞ்சியை ஆத்துக்கரைக்காரி ஏழு ஜென்மம் எடுத்தாலும் கிண்ட மாட்டா. என்ன குடுத்தாங்க உனக்கு?"

கரண்டியக்கா பானையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஒரு ரூம்."

"கதவு இருக்கா?"

"இருக்கு."

"நல்லா சாத்திக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் மழையில் இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு கேன்டீனில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. புதிதாக ஆள் எடுத்தால் முதல் காலை கரண்டியக்காவின் கையில்தான். மேனேஜர் ஜன்னலருகே டீயைக் குடித்துக்கொண்டு நிற்பார். மலைப் பெண்கள் பிரித்துக்கொள்ள இன்னொரு கிண்ணம் கேட்கக் கற்றுக்கொண்டு வந்தபோது, அவள் வேறு கண்ணி வைத்தாள். கஞ்சியை ஊற்றிக்கொண்டே சட்டென்று "போதுமா?" என்பாள். ஆற்றுக்கரைக்காரி வழக்கம்போல வேண்டாம் என்பாள், கிண்ணம் நகராது. மலைக்காரி பாதிக் கஞ்சியில் எழுந்துவிடுவாள், அடிபட்ட முகத்தோடு. எழுந்தவளின் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்து, "எங்கே ஓடறே?" என்று சிரித்தபடி இரண்டாவது கரண்டியை ஊற்றுவாள். ராத்திரி தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாகத் தூங்கினாள். தூக்கம் வரவில்லை என்று கதை சொன்னால்தான் கேட்பவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவளுக்குத் தூக்கம் வந்தது.

சில வருஷம் கழித்து, அப்பாவுக்கு முடியவில்லை என்று தம்பி ஆற்றுக்கரைக்குச் சொல்லி அனுப்பியது கை மாறிக் கை மாறி அவளுக்கு வந்து சேர்ந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் மலைக்குப் போனாள். தம்பி பெண்டாட்டியை அப்போதுதான் பார்க்கிறாள். காலையில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம். தண்ணீர்க் கஞ்சி, சர்க்கரை. தம்பியின் சின்ன மகள் அண்ணன் கிண்ணத்தில் கை விட்டாள். தம்பி பெண்டாட்டி பளாரென்று அறைந்தாள்.

"ஏம்மா, குழந்தையைப் போய்!" என்றாள் கரண்டியக்கா.

"இப்பவே அடிச்சுப் பழக்கினாத்தான் அண்ணி நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல மாட்டாது. இங்க எல்லா வீட்லயும் இப்படித்தான். கீழ ஒரு படுபாவி இருக்காளாம். அன்பா ஊத்துவாளாம், ஊத்திட்டு காட்டிக் குடுப்பாளாம். நம்ம பக்கத்துக்காரியேன்னு சொல்றாங்க. கோடாலிக்காம்பு!"

தம்பி தலையைத் தூக்கினான். "அக்கா, நீ எந்த ஃபேக்டரியில இருக்கேன்னு சொன்னே?"

அவள் சொல்லியிருக்கவே இல்லை. ஏதோ கேன்டீன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். இப்போதும் வேறொன்றைச் சொல்லியிருக்கலாம்.

"பாட்டில் ஃபேக்டரி."

தம்பி பெண்டாட்டி பானையை எடுத்துக்கொண்டு மெதுவாக அவள் முன்னால் வந்து குனிந்தாள்.

"போதுமா?" என்றாள். "போதுமா அண்ணி? போதுமா?"

கரண்டியக்கா எழுந்துகொண்டாள். உள் அறையில் அப்பா நினைவில்லாமல் கிடந்தார். வாசற்படியில் தம்பி வழியை மறித்து நின்றுகொண்டு, "அவருக்குத் தெரிய வேணாம். அப்படியே போயிடு" என்றான். இரண்டு நாள் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார் என்று யாரோ வழிப்போக்கர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் தொழிற்சாலைக்குப் புது ஆட்கள் வந்தார்கள். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள், கிண்டினாள், இரண்டு பேருக்கு ஒன்றாக வைத்தாள். எல்லாரும் பிரித்துக்கொள்ள இன்னொரு கிண்ணம் கேட்டார்கள். போதுமா என்றாள். எல்லாரும் அழகாக இரண்டு தரம் மறுத்து மூன்றாம் தரம் நீட்டினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. உப்பைக் கண்டு யார் கண்ணும் கலங்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் மலை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். எந்தப் பாதி என்று தெரியவில்லை. இவர்கள் வீட்டிலேயே அடி வாங்கித் தனிக் கிண்ணத்தில் தின்று பழகியவர்கள்.

ஜன்னலருகே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். டீ முடிந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கடைசி மேஜை வரைக்கும் போய்த் திரும்பினாள். இன்னொரு முறை பார்த்தார்.

அவள் இரண்டாவது மேஜையில் நின்றாள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களின் கிண்ணத்திலும் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினாள். ஏன் அந்த இருவர் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பானைக்குப் பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

மத்தியானம் கேட்டில் ஒரே கூச்சல். இருவரில் ஒருத்தி பேசாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மற்றவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விரலில் சுற்றிய பிளாஸ்திரி ஈரமாகிக் கழன்று தொங்க, கதறிக்கொண்டிருந்தாள்.

"நான் ஆத்துக்கரை சார்! எங்கப்பா, எங்க தாத்தா எல்லாரும் ஆத்துக்கரைதான் சார்! அந்தக் கஞ்சி எனக்குப் பிடிக்கவே இல்லை சார், அவங்களா ஊத்தினாங்க!"

மேனேஜர் கேன்டீன் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "எப்படி நடிக்கறா பாத்தியா? ஆனாலும் உன் கண்ணு இன்னும் மங்கலை, பரவாயில்லை."

"ஆமா சார்" என்றாள் கரண்டியக்கா. பானையில் மிச்சமிருந்த கஞ்சியைச் சுரண்டி எடுத்துக் கொல்லையில் கொட்டினாள்.