ஆயுத பூஜையில் போன கருந்தூள்

அப்பாவின் சாயப்பட்டறை கீழ்பென்னாத்தூர் தாண்டி எங்கள் நிலத்தின் ஓரத்தில் இருந்தது. பட்டு நூலுக்குச் சாயம் போட்டபின் மிஞ்சும் சிவப்புத் தண்ணீர் கால்வாய் வழியே மண்ணில் இறங்கி, பக்கத்து நிலத்துக்காரரின் கிணற்றுக்குப் போய்விட்டது. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கக் கிளம்பியவரிடம், ஆயுத பூஜை முடியட்டும் என்று அப்பா கேட்டுக்கொண்டார். அதற்குள் நான் தண்ணீரைத் தெளியவைத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பட்டறையை மூடவேண்டி வரும்.

தேவையானவை குறைவு. களிமண்ணில் இரும்பு ஆக்சைடு படியவைத்த கருந்தூள், கல்லூரி ஆய்வகத்தில் நானே செய்தது. திருவண்ணாமலையில் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடையில் வாங்கிய காந்தம். ஒரு பிளாஸ்டிக் பக்கெட். தூளைப் போட்டுக் கிளறினால் சாயம் அதில் ஒட்டிக்கொள்ளும். பக்கெட்டுக்கு வெளியே காந்தத்தை வைத்தால் தூள் அந்தப் பக்கம் ஒதுங்கும், தெளிந்த நீரை இறுத்துவிடலாம். தூளை அலசிக் காயவைத்து மறுபடி போடலாம்.

முதல் தடவையே தெளிந்தது. அப்பா அதைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அன்று கூடுதலாக ஒரு டீ கேட்டார்.

பூஜையன்று பட்டறைக்குப் போனபோது, காந்தம் புளி போட்டுத் தேய்க்கப்பட்டு, சந்தனம் குங்குமத்தோடு தராசுக்குப் பக்கத்தில் இருந்தது. தூள் காய்ந்துகொண்டிருந்த தாம்பாளம் பளபளவென்று காலியாக இருந்தது.

"அடுப்புக் கரி மாரி இருந்துச்சு. பூஜைக்கு அழுக்க யாராச்சும் வெச்சிக்கினு இருப்பாங்களா? கால்வாயில கொட்டிட்டேன்" என்றார் அம்மா.

காந்தத்தைக் கால்வாய் மண்ணில் இழுத்தேன். தூளோடு மண்ணிலிருந்த இரும்பு மணலும் ஒட்டியது. பிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலை மாமா வந்தார். நடந்ததைச் சொன்னேன். புதிதாகச் செய்ய ஒரு வாரம் ஆகும் என்றேன்.

"போன தடவையும் ஒரு வாரம்னுதாம்மா உங்கப்பன் சொன்னான். மாடு தண்ணில வாய வெக்க மாட்டேங்குது. அதுங்கிட்ட நீயே வந்து சொல்றியா?"

அவர் கோபமாகப் பேசவில்லை. வேங்கிக்கால் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அப்பா சாயம் காய்ச்சும் அடுப்பை அணைத்தார். நூல் கொடுத்தவருக்குப் போன் செய்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். சாயம் ஏறியது, ஏறாதது, பாதி ஏறியது என்று நான் நூலைத் தனித்தனியாகப் பிரித்துவைத்தேன்.