சாமிக்கு வைத்த போத்தல்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். கோயில் மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன். படித்தவர்கள் எழுதும் இடத்தில் நான் எழுதுவதை முதலில் மன்னிக்க வேண்டும். ஆனால் முனியாண்டி எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருப்பதும் சரியில்லை.

நான் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். அப்பாவுக்குப் பிறகு, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்து முனியாண்டிக்கு நான்தான் பூசை வைக்கிறேன். வருடத்தில் ஒரு நாள் சேவல், சுருட்டு, சாராயம் படைப்போம். படைத்த சாராயம் பிறகு பூசாரிக்கு. அதில்தான் ஆரம்பித்தேன். பிறகு சம்பள நாளில், பிறகு ஞாயிற்றுக்கிழமையில், பிறகு விடிந்ததுமே கசிப்பு என்கிற கள்ளச் சாராயம். பூசாரி என்பதால் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

குடிக்காமல் மலைக்குப் பால் வெட்டப் போனால் கை நடுங்கும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. ஒரு நாள் கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும், "பூசாரியாரே, மரத்துல பால் வெட்டச் சொன்னோமா, பலி குடுக்கச் சொன்னோமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று பின்னேரம் சாமி கல்லுக்கு முன்னால் விழுந்து, "இத விட வையி சாமி" என்று அழுதேன். அன்றே நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் உடம்பெல்லாம் உதறியது. வேர்த்துக் கொட்டியது. சுவர் முழுக்க அட்டைகள் ஏறுவதைப் பார்த்தேன். என் மனைவி சரோஜாவுக்கு ஒரு அட்டையும் தெரியவில்லை. லயமே கூடிவிட்டது. சரோஜாவின் அண்ணன் ராமு மச்சான், "சாமிக்குள்ளத நிப்பாட்டினா சாமி சும்மா இருக்குமா?" என்று சொல்லி, ஒரு தம்ளர் சாராயத்தை என் வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். சாமியே குடிக்கச் சொல்கிறது என்று நம்பி இன்னும் எட்டு மாதம் குடித்தேன். சரோஜா மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு காலை குடித்துவிட்டு வேலைக்குப் போய், பால் வாளியோடு வழுக்கி விழுந்தேன். கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அங்கேயும் மூன்றாம் நாள் அதே நடுக்கம், அதே அட்டை. முனியாண்டிக்குக் கோபம், ஒரு தம்ளர் கொடுங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சினேனாம். டாக்டர் சிரிக்கவில்லை. கொஞ்சம் தெளிந்த பிறகு பக்கத்தில் வந்து, "மேக லெடக்" என்றார். இது ஒரு வருத்தம், நோய் என்று அர்த்தம். பல வருடம் குடித்துப் பழகிய உடம்புக்குத் திடீரென்று கிடைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும், உயிர்கூடப் போகலாம், அதனால் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்று விளக்கினார். அடுத்த கட்டிலில் இருந்த சிங்கள ஐயாவுக்கும் அதே நடுக்கம். அவருக்கு முனியாண்டி யாரென்றே தெரியாது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாமி என்னைத் தண்டிக்கவில்லை. கல்லுக்கு முன்னால் நான் கேட்டதற்குப் பதிலை அந்த வார்டில் வைத்திருந்தது.

மருந்து தந்தார்கள். கால் சரியான பிறகும் கிளினிக் போனேன். இடையில் ஒரு கல்யாண வீட்டில் தவறிக் குடித்துவிட்டேன். வெட்கத்தோடு டாக்டரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. விழுந்தால் எழும்பி வர வேண்டும், வராமல் இருக்கக் கூடாது என்றார்.

பூசை நாள் நெருங்க எனக்குப் பயம் வந்தது. சாராயம் இல்லாமல் படைக்கலாமா என்று பூ கட்டிப் பார்த்தோம். வெள்ளை வந்தால் வேண்டாம், சிவப்பு வந்தால் வேண்டும். சரோஜா எடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"சாமி தனக்குத்தானே கேக்குது," என்றாள் அவள். "ஒங்களுக்கும் ஊத்தச் சொல்லிச்சா?"

பூசையன்று போத்தலைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வாய் ஊறியது. "கையப் பிடிச்சுக்க சாமி" என்று மனதுக்குள் சொன்னேன். போத்தலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை கல்லடியில் ஊற்றினேன்.

"ஐயோ மச்சான், முழுசாவா? மண்ணு குடிச்சு என்னா பண்ணப் போகுது?" என்று ராமு மச்சான் கத்தினார்.

"மண்ணு குடிச்சா வீட்டுக்கு வந்து சண்ட போடாதுண்ணே," என்றாள் சரோஜா. சாமி முன்னால் என்றும் பார்க்காமல் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

என் கை நடுங்கவில்லை. அதைத்தான் நான் அற்புதம் என்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு பூசை முடிந்துவிட்டது. ஆசை இப்போதும் சில நாள் வரும். வந்தால் சரோஜாவிடம் சொல்லிவிடுவேன். இதை வாசிக்கிறவர்களில் யாராவது என்னைப் போல இருந்தால், சாமியிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போங்கள். அங்கே போவதால் சாமிக்குக் குறை ஒன்றும் வராது. அவர்தான் அனுப்புகிறார் என்று நான் நம்புகிறேன்.

போத்தலைக் கவிழ்த்த அந்தப் பூசைக்கு மறுநாள் மழை. பால் வெட்டு இல்லை. ராமு மச்சான் குடை பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்டார். செவ்வாய் என்று சொன்னேன்.