பெட்டிக்கு நாலு பக்கம்

கன்டெய்னரில் ஒட்டிய ஸ்டிக்கரின் ஒரு முனையில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பிப் பார்க்கிறார். வரவில்லை. அடுத்த முனை. அதுவும் வரவில்லை. முகத்தில் அதற்காக ஒரு சந்தோஷமும் கிடையாது. மூன்றாவது முனை வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து கையோடு வருகிறது. “இதைப் பாக்கத்தான் இந்த வெயில்ல எழுந்து வந்தேனா?” என்று ஸ்டிக்கரையே கேட்கிறார். பக்கத்தில் நிற்கும் சரக்குக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தால், “உங்களைக் கேக்கல. இதைக் கேட்டேன்” என்கிறார்.

கப்பலேறப் போகும் கன்டெய்னர்கள் வந்து வரிசைகட்டும் யார்டில் அவருக்கு ஒரே வேலைதான். உள்ளே விஷ ரசாயனம் இருக்கும் பெட்டி, வெளியே மண்டையோட்டுப் படம் ஒட்டி அதை ஒப்புக்கொள்கிறதா என்று பார்ப்பது. சுற்றி வந்து, நெம்பிப் பார்த்து, அவர் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் லாரி கேட்டைத் தாண்டும். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் மண்டையோடு. “மண்டையோடு டீ குடிக்கப் போயிருக்கு, வந்தப்புறம் போ” என்று அவர் காதுபடவே பேசிக்கொள்வார்கள். பெயரைப் பற்றி அவருக்குக் குறையில்லை. “பேரு வைக்கத் தெரிஞ்சவனுக்கு அந்தப் படத்தை நேரா ஒட்டத் தெரியலையே” என்பதுதான் குறை.

குறைகளுக்குப் பஞ்சமே இல்லை. மண்டையோட்டைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டவர் உண்டு. “வாங்குற பார்ட்டி பயப்படுறாங்க சார்.” பயப்படத்தானே போடுவது என்றால் சிரித்து மழுப்புவார்கள். கம்பெனியின் நிறம் பச்சை என்பதால் மண்டையோட்டையும் பச்சையில் அச்சடித்து வந்தவரும் உண்டு. ரசாயனத்தின் முறையான பெயரை எழுதவேண்டிய இடத்தில், கடையில் விற்கும் அழகான பெயரை எழுதி வருகிறவர்களிடம், “கல்யாணப் பத்திரிகையில செல்லப்பேரைப் போட்டா மாப்பிள்ளை யாருன்னு ஊருக்கு எப்படிய்யா தெரியும்?” என்பார்.

ஒட்டாமல் வருகிறவனைவிட, உரிக்காமல் வருகிறவன்மேல்தான் கோபம் அதிகம். ஒரு முறை உள்ளே தலையணை உறை. வெளியே, போன சரக்கின் மண்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது. “தலகாணி உறைக்கெல்லாம் பயப்படச் சொன்னா, நிஜமான விஷம் வர்ற அன்னிக்கு எவன் பயப்படுவான்?” என்று கத்தியவர், அதை முழுசாக உரித்தெடுக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். தரை துடைக்கும் திரவத்தை மனைவி காலி குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்ததற்காக ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு குளியலறையில் இருக்கிற எல்லாப் பாட்டிலுக்கும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு.

“இந்த வீட்ல எனக்கு மட்டும்தான் இன்னும் சீட்டு ஒட்டல.”

“உனக்கெதுக்கு? தூரத்துலேர்ந்தே தெரியுதே.”

அந்த மனைவிதான் அன்று மத்தியானத்திலிருந்து விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார். காரணம், வரிசையில் நின்ற ஒரு நீல நிறப் பெட்டி. அதைக் கொண்டுவந்தது அவர்களுடைய மாப்பிள்ளை.

மாப்பிள்ளை, மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏற்றுமதி ஏஜென்சி போர்டு மாட்டியிருந்தார். இதுதான் முதல் சரக்கு. பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்று பரிசோதிப்பதுபோல ஒரே ஒரு பெட்டியை நம்பிக் கொடுத்திருந்தது. சாயங்காலம் கேட் மூடுவதற்குள் உள்ளே போனால் கப்பலேறும். போகாவிட்டால் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும், போர்டைக் கழற்றவேண்டியதுதான். முந்தின நாளே மகள் போனில், “அப்பா, கொஞ்சம் பாத்துக்கோங்கப்பா” என்றிருந்தாள். பார்ப்பதுதானே என் வேலை என்று அவரும் சொல்லியிருந்தார். அவரவர் அர்த்தத்தில் அவரவர் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

“வாங்க மாப்ள” என்று கும்பிட்டுவிட்டுப் பெட்டியைச் சுற்றினார். இடப்பக்கம் ஒன்று, சுத்தம். வலப்பக்கம் ஒன்று, அதுவும் சுத்தம். பின்பக்கம் வந்தார். அங்கே கதவுக்கு ஒன்றாக இரண்டு மண்டையோடுகள் ஜோடியாகச் சிரித்தன. முன்பக்கம், டிரைவர் கேபினை ஒட்டிய பக்கம், வெறும் தகரம்.

“நாலு இருக்கு மாமா” என்றார் மாப்பிள்ளை. “நானே எண்ணிப் பார்த்துத்தான் ஏத்தினேன்.”

அவருக்கு உச்சி கொதித்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். ஆனால் மாப்பிள்ளையை எப்படித் திட்டுவது? டிரைவர் பக்கம் திரும்பினார்.

“ஏன்யா, பெட்டிக்கு எத்தனை பக்கம்?”

“சார், நான் ஓட்டுறவன். ஒட்டுறவன் இல்ல.”

“கதவு ரெண்டா இருந்தா பக்கமும் ரெண்டா ஆயிடுமா? டிகிரி வாங்கினா ஆச்சா? ஆபீஸ் திறந்து போர்டு மாட்டினா ஆச்சா?”

டிகிரியும் ஆபீசும் இல்லாத டிரைவர் மிரண்டுபோய், “எனக்கா சார்?” என்றார். மாப்பிள்ளை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முன்பக்கம் என் கேபின்தான சார் இருக்கு” என்று டிரைவர் சமாதானம் சொன்னார். “அதை நான்தான் பாக்கணும். நான் பாத்துட்டேன். உள்ள விஷம், தெரியும்.”

“கப்பல்லயும் நீயே போய் நிப்பியா? ஒழுகினா ஓடி வர்றவன் கதவுப் பக்கமாத்தான் வருவேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கானா? எந்தப் பக்கமா வர்றானோ, அந்தப் பக்கம் அவனுக்குத் தெரியணும்யா!”

கதவில் இருப்பதில் ஒன்றை உரித்து முன்னால் ஒட்டிவிடலாமே என்றார் டிரைவர். இவர் தலையில் அடித்துக்கொண்டார். “பெட்டி கடல்ல விழுந்து மூணு மாசம் ஊறினாலும் படம் தெரியணும்னு விதி இருக்கு. உரிச்சு ஒட்டினது மூணு நாள் தாங்குமா?”

போன் அடித்தது.

“மாப்பிள்ளையை வெயில்ல நிக்க வெச்சிருக்கீங்களாமே?”

“அவரை நிக்க வெக்கல. பெட்டியைத்தான் நிக்க வெச்சிருக்கேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணா இருந்தா எப்பவோ கையெழுத்துப் போட்டிருப்பேன்டி.”

“ஒரு கையெழுத்துல உங்க கை தேஞ்சா போயிடும்?”

போனைப் பையில் போட்டுவிட்டு அவர் மறுபடி டிரைவரிடம் சொன்னார்: “கேட்டுக்கு வெளியே, தார்ப்பாயும் கயிறும் விக்கிற கடையில ஸ்டிக்கர் கிடைக்கும். நடந்து போனா நேரம் பத்தாது.” டிரைவர் அசையவில்லை. மாப்பிள்ளை ஓடினார்.

திரும்பி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு மண்டையோடு. கேபினை ஒரு பக்கமாக ஒடித்து நிறுத்தினால் பெட்டியின் முன்பக்கம் கைக்கு எட்டும். ஆனால் முன்னும் பின்னும் லாரிகள் மூச்சுவிட இடமில்லாமல் நின்றன. கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே, ஒல்லியான ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. மாப்பிள்ளை நுழைந்தார். கைக்குட்டையால் தகரத்தைத் துடைப்பதும், எங்கோ தலையை இடித்துக்கொள்வதும் கேட்டது. வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டையில் தோள் முதல் இடுப்புவரை கிரீஸ்.

“ஒட்டிட்டேன் மாமா. இதோ போட்டோ.”

கேட்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தார். பின்னால் நின்ற லாரிகள் ஹாரனை அழுத்தின. மாமனார் போட்டோவைப் பார்க்கவில்லை. டிரைவரைத் தேடவும் இல்லை. அன்று முதல்முறையாக மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

“போட்டோ எந்தப் பெட்டியை வேணும்னாலும் எடுக்கலாம் மாப்ள. தப்பா நினைச்சுக்காதீங்க. இதைக் கொஞ்சம் பிடிங்க.”

மூக்குக் கண்ணாடிக் கூடு, சாவிக்கொத்து, பேனா, போன் எல்லாம் மாப்பிள்ளையின் கைக்கு மாறின. தொப்பையை எக்கிக்கொண்டு இடுக்கில் ஏறினார். பாதி போனதும் உடம்பு சிக்கி நின்றது. பெருமூச்சு. மீதியும் போனது.

மாப்பிள்ளையின் கையில் போன் அடித்தது. “அத்தை... மாமா உள்ள இருக்காரு... ஆபீசுக்குள்ள இல்லத்தை... லாரிக்கும் பெட்டிக்கும் நடுவுல... இல்லத்தை, அவராத்தான் போனாரு.”

உள்ளேயிருந்து முனகல் வந்தது. “சாஞ்சிருக்கு.”

மாப்பிள்ளை போனை அணைத்தார்.

“விழுந்துடாது. ஆனா சாஞ்சிருக்கு.” கேட்காரர் சங்கிலியைக் கையில் எடுத்தார். பிறகு இடுக்கிலிருந்து, கிரீஸ் அப்பிய ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. “பேனா!”

மாப்பிள்ளை பேனாவை வைத்தார். கை உள்ளே போனது. திரும்பி வந்தபோது அதில், சட்டைப் பையிலிருந்த சீட்டு, கையெழுத்தோடு, கசங்கி, ஒரு மூலையில் கறுப்புக் கைரேகையோடு. ஆள் வருகிற வழியைக் காணோம். “கொண்டுபோய்க் கொடுங்க மாப்ள, மூடப் போறான்” என்று தகரத்துக்குப் பின்னாலிருந்து மூச்சுவாங்கக் குரல் வந்தது.

மாப்பிள்ளை சீட்டை வாங்கி டிரைவரிடம் நீட்டி, கால்நடையாகவே கேட்டுக்கு ஓடச் சொன்னார். பிறகு இரண்டு கையாலும் அந்தக் கையைப் பற்றி, காலை டயரில் ஊன்றிக்கொண்டு, மெதுவாக இழுக்க ஆரம்பித்தார்.