தஹானி டீச்சரின் சாம்பிராணி

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல், தஹானி டீச்சர் அட்டைப்பெட்டிகளின் தூசியைத் தட்டுவாள். ஒன்றில் மின்விசிறி, ஒன்றில் மிக்ஸி, ஒன்றில் பீங்கான் தட்டுகள். எல்லாம் எகிப்தில், தந்தா நகரத்து மூன்றாம் மாடி வீட்டுக்குப் போக வேண்டியவை. ஓமானின் ருஸ்தாக் ஊர் வெயிலில் வியர்த்து வழிந்தபடி, புது மின்விசிறிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொள்வாள். "பிரிச்சா பழசாயிடும்ல? அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடுவேன்" என்பாள். இங்கே வந்த நாளாக இதே பாட்டுத்தான்.

கணக்கு டீச்சர். வகுப்பில் புலி. வீட்டுக்கு வந்தால் உயரமான மதில்சுவரும் இரும்புக் கதவும்தான் துணை. கணவர் ஷவ்கி ஊரில் ரயில்வே வேலையை விட்டு வரமாட்டார். கூடத் தங்கியிருந்த ஆசிரியையும் மாற்றலாகிப் போய்விட்டாள். தந்தாவில் என்றால் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கலாம். கீழே காய்கறிக்காரர் தக்காளியை நிரப்புவார். "யோவ், அழுகினதை உம் மாமியாருக்குக் குடு!" என்று இவள் கத்த, "அவங்கதாம்மா இதை உனக்குக் குடுக்கச் சொன்னாங்க!" என்று அவர் கத்த, தெருவே சிரிக்கும். அந்தக் கூச்சல் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை துணிந்து பக்கத்து வீட்டுப் பெண்களையெல்லாம் காப்பிக்கு அழைத்தாள். இவர்களும் ஒட்டவில்லையென்றால் வேலையை விட்டுவிடுவது என்று மனத்துக்குள் முடிவு. தந்தாவில் வெள்ளிதோறும் சாம்பிராணி போட்டுப் பழகியவள். விருந்தாளி வரும்போது வீடு மணக்க வேண்டாமா? அவர்கள் வந்து உட்கார்ந்ததுமே கரியைப் பற்றவைத்து, புகையும் தூபக்காலை ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினாள். பெண்கள் முக்காட்டுக்குள் புகையை வாங்கிக்கொண்டார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். எழுந்துவிட்டார்கள்.

"வர்றோம் டீச்சரம்மா, அல்லா உங்க வீட்டை நெறைய வைக்கட்டும்."

அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. அவள் அதை அணைக்கவும் இல்லை. இத்தனை தூரம் வந்து இப்படி வேண்டாதவளாகிவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு சுவைனா பேரீச்சம்பழத் தட்டோடு சண்டைக்கு வந்தாள்.

"ஏன் டீச்சரம்மா, வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு, உக்கார்றதுக்குள்ள போங்கடின்னு வெரட்டிட்டீங்களே?"

"நானா? நான் எப்ப வெரட்டுனேன்?"

"சாம்பிராணி காட்டுனா வேறென்ன அர்த்தம்? விருந்து முடிஞ்சுது, எந்திரின்னுதான! எங்க மாமியார் சரியான கஞ்சம். அதுகூட காப்பி ஊத்திட்டுத்தான் காட்டும்!"

தஹானி வாயைப் பிளந்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ அழுகையாகிவிட்டது. "என்னைப் புடிக்கலைன்னு நெனச்சேண்டி."

"நாங்களும் அதையேதான் நெனச்சோம்! போங்க, காப்பியப் போடுங்க."

இப்போது வியாழன்தோறும் கூட்டம் கூடுகிறது. சுவைனாவின் ஆசனம் மின்விசிறிப் பெட்டிதான். அது ஒரு பக்கம் நசுங்கிவிட்டது, டீச்சர் கண்டுகொள்வதில்லை. காய்கறிக்காரர் சண்டையை அவள் குரல் மாற்றி நடித்துக்காட்ட, அவர் சொல்லும் பதிலை இவர்களே முந்திக்கொண்டு கத்துகிறார்கள். பேச்சு நடுவே சில சமயம் அவள் கண் அந்த மூன்றாம் மாடிக்குப் போய்விடும். யாராவது குவளையை நீட்டினால் திரும்பி வருவாள்.

வெயில் சாய்ந்தாலும் ஒருத்தியும் எழுவதில்லை. வீட்டுக்காரி சாம்பிராணி காட்டாமல் எழுந்து போவது மரியாதையில்லை.

"டீச்சரம்மா, ஆட்டைப் புடிச்சுக் கட்டணும். அந்தச் சாம்பிராணியக் காட்டி அனுப்புங்களேன்" என்று சுவைனா கெஞ்சுகிறாள்.

"காட்ட மாட்டேன்னா சொல்றேன்? பாழாப்போன தீப்பெட்டியைக் காணோம்டி!"

அடுப்படியில் டப்பா டப்பாவாகத் திறந்து தேடுகிறாள் தஹானி டீச்சர், குச்சிகள் சத்தம் போடாதபடி தீப்பெட்டியை இடது கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.