பழைய கார்ட்டூனும் புது டிவியும்

நாளை கப்பலுக்குக் கிளம்புகிறேன். அதற்குள் மகளோடு ஒரு பழைய யானைக் கார்ட்டூன் படத்தை உருப்படியாகப் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

புது டிவியில் படம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு தெரிந்தது. இசை அலறியது, பேச்சு கேட்கவே இல்லை.

பெட்டி கட்டுவதைப் போட்டுவிட்டு டிவி கடைக்கு ஓடினேன்.

"தம்பி, பழைய படத்த அகலமா இழுக்காதிய. ரெண்டு பக்கமும் கருப்பா நின்னா நிக்கட்டும். சத்தத்த சரவுண்டுல இருந்து ஸ்டீரியோவுக்கு மாத்துங்க" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

வீட்டுக்கு வந்து மாற்றினேன். படம் கச்சிதமாக நின்றது, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. பெருமையோடு மகளைப் பார்த்தேன்.

"யானை ஏன்ப்பா மெலிஞ்சு போச்சு?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது படத்தை மறுபடி அகலமாக இழுத்துவிட்டு, இருவரும் குண்டு யானையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சத்தத்தையாவது விட்டுவைத்தாளே!

உங்கள் வீட்டில் ரிமோட் யார் கையில்?